மிஞ்சிய இரண்டு ஆப்ஷன்களில் எது சரி? வாதம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் கிரிட்டிகல் ரீசனிங் (வாதங்களை ஆராயும்) வினாக்களில் பத்தி விளங்குகிறது, ஐந்து ஆப்ஷன்களில் மூன்றைத் தள்ளவும் முடிகிறது, மிஞ்சும் இரண்டில் பெரும்பாலும் தவறானதை எடுத்துவிடுகிறீர்கள். வாதத்தின் பலவீனமான அனுமானத்தை, அதாவது வாதம் சொல்லாமலே உண்மை என்று ஏற்றுக்கொள்ளும் கருத்தை, கண்டுபிடிக்க வழி கேட்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் வினாவையும் அதில் எடுத்த விடையையும் பார்த்தால், உங்கள் சிக்கல் கண்டுபிடிப்பதில் இல்லை. வாதத்தோடு ஒத்துப்போகிற கருத்து ஒன்று, அது பொய்யானால் வாதமே விழுந்துவிடும் என்கிற கருத்து இன்னொன்று. இந்த இரண்டையும் பிரிக்கும் இடத்தில்தான் சறுக்குகிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

மற்றவர்களுக்காக வினாவை முதலில் தருகிறேன். "ஒரு நகராட்சி, சென்ற ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த 20 சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்து அங்கே வேகக் கேமராக்களைப் பொருத்தியது. இந்த ஆண்டு அந்த 20 சந்திப்புகளில் விபத்துகள் 30 சதவீதம் குறைந்துள்ளன. ஆகவே இந்தக் குறைவுக்குக் கேமராக்களே காரணம்." இந்த வாதம் எந்த அனுமானத்தைச் சார்ந்திருக்கிறது என்பது கேள்வி. அ: நகரின் மற்றச் சந்திப்புகள் எதிலும் விபத்துகள் குறையவில்லை. ஆ: சாலை விபத்துகளுக்கு முதன்மையான காரணம் அதிவேகம். இ: கேமரா பொருத்தாமல் விட்டிருந்தால் அந்த 20 சந்திப்புகளில் விபத்துகள் இதே அளவு குறைந்திருக்காது. ஈ: கேமராவில் சிக்கும் ஓட்டுநர்கள் எல்லாரிடமும் அபராதம் தவறாமல் வசூலிக்கப்படுகிறது. உ: கேமராக்களுக்கு ஆகும் செலவு, விபத்துகள் குறைவதால் மிச்சமாகும் தொகையைவிடக் குறைவு. நீங்கள் ஆ-வுக்கும் இ-க்கும் இடையில் நின்று ஆ-வை எடுத்தீர்கள். சரியான விடை இ.

ஆப்ஷன்களைப் படிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாதத்தின் முடிவைத் தனியே எடுத்து, அதன் எல்லையை அளந்துகொள்ள வேண்டும். இங்கே முடிவு "இந்தக் குறைவுக்குக் கேமராக்களே காரணம்" என்பது மட்டும்தான். கேமராக்கள் நல்லவை என்றோ, எல்லாச் சந்திப்புகளிலும் வைக்க வேண்டும் என்றோ, செலவுக்குத் தகுந்த பயன் உண்டு என்றோ வாதம் சொல்லவில்லை. நடந்து முடிந்த ஒரு குறைவுக்குக் காரணம் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த எல்லை மனதில் இருந்தால் உ உடனே கழன்றுவிடும். செலவு மிச்சத்தைவிடக் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விபத்தைக் குறைத்தது கேமராதான் என்ற கூற்றுக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை.

இந்தப் பத்தியில் "ஆகவே" என்ற சொல் முடிவைக் காட்டிக்கொடுக்கிறது. கடினமான வினாக்களில் அப்படிக் காட்டிக்கொடுக்கும் சொல் இருக்காது; முடிவு முதல் வாக்கியமாக இருக்கும், அல்லது நடுவில் புதைந்திருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களை எடுத்து, நடுவில் "ஏனென்றால்" என்று போட்டுப் படியுங்கள். அப்படிப் படித்தது பொருந்தினால் "ஏனென்றால்" என்பதற்கு முன்னால் இருப்பது முடிவு, பின்னால் இருப்பது ஆதாரம். பத்தியில் "சிலர் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால்" என்று வந்தால், சிலர் சொல்வது பெரும்பாலும் ஆசிரியரின் முடிவாக இருக்காது. அதை மறுப்பதுதான் அவர் முடிவு.

முடிவை எடுத்தாயிற்று என்றால், அடுத்தது ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள தாவல். ஆதாரத்தோடு சண்டை போடக்கூடாது என்பது இந்தத் தேர்வுகளின் மாறாத விதி. 30 சதவீதம் குறைந்தது என்று பத்தி சொன்னால் குறைந்ததுதான். புள்ளிவிவரம் பொய்யாக இருக்கலாமே என்று யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். ஆதாரம் உண்மை, ஆனாலும் முடிவு பொய்யாக இருக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி? இந்த "எப்படி"க்கு வரும் ஒவ்வொரு பதிலும் வாதம் பேசாமல் விட்டிருக்கும் ஓர் அனுமானத்தைக் காட்டும்.

இந்தத் தாவல் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வரும். முதலாவது, ஆதாரத்தில் இல்லாத ஒரு கருத்து முடிவில் புதிதாக நுழைவது. "நிறுவனத்துக்கு வரும் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, ஆகவே அதன் சேவை மேம்பட்டிருக்கிறது" என்ற வாதத்தில் ஆதாரம் பேசுவது புகார்களின் எண்ணிக்கையை, முடிவு பேசுவது சேவையின் தரத்தை. இரண்டையும் இணைக்கும் பாலம் சொல்லப்படவில்லை. புகார் செய்தும் பயனில்லை என்று வாடிக்கையாளர்கள் அலுத்துப்போயிருக்கலாம், புகார் எண்ணே மாறியிருக்கலாம், வாடிக்கையாளர்களே பாதியாகியிருக்கலாம். பதிவான குற்றங்கள், நடந்த குற்றங்கள் என்ற வேறுபாடும் இதே வகைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கை காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. பதிவு கூடியதாலேயே குற்றம் கூடியது என்று கொள்வது பிழை என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. பத்தியில் "பதிவான", "தெரிவித்த", "கண்டறியப்பட்ட" போன்ற சொற்கள் ஆதாரத்தில் இருந்து, முடிவில் காணாமல் போனால், வாதம் நழுவிய இடம் அநேகமாக அதுதான்.

இந்தப் பாலத்தைப் பேசாமல் விடக்கூடாது என்று நம் மரபின் தருக்கவியலும் வற்புறுத்தியிருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்ல ஐந்து உறுப்புகள் தேவை என்பார்கள். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று மணிமேகலையின் 29ஆம் காதை அவற்றை வரிசைப்படுத்துகிறது. நடுவில் நிற்கும் திட்டாந்தத்துக்கு அடுக்களையைக் காட்டுகிறது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பும் இருக்கும் என்ற பொதுத் தொடர்பை வாதிப்பவர் சான்றோடு வெளியே வைத்துவிடுகிறார். கேட்பவர் அதைச் சோதித்துக்கொள்ளலாம். இன்றைய தேர்வு வினாவை எழுதுபவர் அந்த நடு உறுப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டு, எதை உருவினேன் என்று கேட்கிறார்.

இரண்டாவது வடிவம், உங்கள் கேமரா வினாவில் இருப்பது. இங்கே புதுக் கருத்து ஏதும் நுழையவில்லை. விபத்து, கேமரா, 20 சந்திப்புகள் எல்லாம் இரண்டு பக்கத்திலும் உள்ளன. ஆனால் குறைவுக்கு வேறு விளக்கம் எதுவும் இல்லை என்று வாதம் கருதிக்கொள்கிறது. "இதற்குப் பின் இது, ஆகவே இதனால் இது" என்ற எல்லா வாதங்களிலும் இந்த அனுமானம் உண்டு. மாற்று விளக்கங்களை நீங்களே யோசித்துப் பாருங்கள்: பெட்ரோல் விலை ஏறி வாகனங்கள் குறைந்திருக்கலாம், புறவழிச்சாலை திறந்திருக்கலாம், மழை குறைந்திருக்கலாம். இவற்றையெல்லாம்விடக் கூர்மையான ஒரு விளக்கம் பத்தியிலேயே ஒளிந்திருக்கிறது. "சென்ற ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த" என்ற தேர்வு முறையைக் கவனியுங்கள்.

இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் கடினமான வினாக்களில் இது மீண்டும் மீண்டும் வரும். ஒரு நகரில் 100 சந்திப்புகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே ஒரே அளவு ஆபத்தானவை, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 10 விபத்துகள். விபத்து தற்செயலாக நடப்பது என்பதால் எந்த ஓர் ஆண்டிலும் எல்லாவற்றிலும் சரியாக 10 நடக்காது. ஒன்றில் 6, இன்னொன்றில் 15 என்று சிதறும். அந்த ஆண்டின் பட்டியலில் முதல் 20 இடங்களைப் பிடித்த சந்திப்புகளின் சராசரியைக் கணக்கிட்டால் 14-க்கும் 15-க்கும் இடையில் வரும் (தற்செயல் நிகழ்வுகளுக்குப் புள்ளியியலில் வழக்கமாகப் பயன்படுத்தும் பாய்சான் பரவலின்படி). அடுத்த ஆண்டு அதே 20 சந்திப்புகளின் சராசரி, யாரும் எதுவும் செய்யாமலே, 10 பக்கம் திரும்பிவிடும். குறைவு சுமார் 30 சதவீதம். கேமராவும் இல்லை, காவலரும் இல்லை. உச்சத்தில் இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்ததால் வந்த குறைவு. பெற்றோர்-பிள்ளைகள் உயரங்களை வைத்து 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் எழுதியது இந்தச் சராசரி நோக்கித் திரும்பும் போக்கைப் பற்றித்தான். நிஜ நகரங்களில் சந்திப்புகள் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல, ஆகவே நிஜத்தில் இந்த விளைவு சிறியதாக இருக்கும். வேகக் கேமராக்கள் பயனற்றவை என்றும் இதிலிருந்து வராது. அவை விபத்தைக் குறைக்கின்றன என்பதற்குத் தனி ஆய்வுகள் உண்டு. ஆனால் பத்தி தந்திருக்கும் ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. இ என்ற ஆப்ஷன் அடைப்பது இந்த ஓட்டையை.

இனி மறுத்துப் பார்க்கும் சோதனை. "சார்ந்திருக்கிறது", "தேவைப்படுகிறது" என்று கேட்கும் வினாக்களில் ஒவ்வொரு ஆப்ஷனையும் பொய் என்று வைத்துக்கொண்டு, வாதம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது விடை அல்ல. இந்தச் சோதனையைப் பலரும் அறிவார்கள். மறுப்பதில்தான் தவறு செய்கிறார்கள். "எல்லாரும்" என்பதன் மறுப்பு "ஒருவரும் இல்லை" அல்ல, "ஒருவராவது அப்படி இல்லை" என்பது. "சிலர்" என்பதன் மறுப்பு "ஒருவர்கூட இல்லை". "பெரும்பாலோர்" என்பதன் மறுப்பு "பாதிப் பேரோ அதற்குக் குறைவோ". "மட்டுமே" என்பதன் மறுப்பு "வேறொன்றும் உண்டு". "மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்" என்பதன் மறுப்பு "மழை பெய்யாவிட்டால் ஆட்டம் நடக்கும்" அல்ல. "மழை பெய்தும் ஆட்டம் நடக்கலாம்" என்பது. வாக்கியத்தின் கடைசியில் "இல்லை" என்று ஒட்டி மறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "எல்லாக் கடைகளும் திறக்கவில்லை" என்பது சில மூடியிருந்தன என்றும் படும், எல்லாமே மூடியிருந்தன என்றும் படும். அதற்குப் பதிலாக, இந்தக் கூற்றைப் பொய்யாக்க மிகக் குறைந்தபட்சம் என்ன நடந்தால் போதும் என்று கேளுங்கள். அந்தக் குறைந்தபட்ச நிகழ்வுதான் சரியான மறுப்பு.

இதை உங்கள் வினாவில் ஓட்டிப் பார்ப்போம். ஈ-யின் மறுப்பு: சிக்கியவர்களில் ஒருவரிடமாவது அபராதம் வசூலாகவில்லை. ஓட்டுநர்கள் கேமராவுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்திருக்கலாமே, வாதம் நிற்கிறது. ஆ-வின் மறுப்பு: விபத்துகளுக்கு முதன்மையான காரணம் அதிவேகம் அல்ல. சரி, முதன்மையான காரணம் குடித்துவிட்டு ஓட்டுவது என்றே வைத்துக்கொள்வோம். அதிவேகம் இரண்டாவது காரணமாக இருந்து, விபத்துகளில் பத்தில் நான்குக்குப் பொறுப்பாக இருந்தாலும், கேமராக்கள் 30 சதவீதக் குறைவைக் கொண்டுவந்திருக்க முடியும். வாதம் நிற்கிறது. இ-யின் மறுப்பு: கேமரா இல்லாவிட்டாலும் அதே 20 சந்திப்புகளில் இதே அளவு குறைந்திருக்கும். அப்படியானால் குறைவுக்குக் கேமராவே காரணம் என்று சொல்ல வாயே திறக்க முடியாது.

ஆ ஏன் உங்களை இழுத்தது? மூன்று காரணங்கள் தெரிகின்றன. அது பத்தியின் பேச்சோடு ஒட்டி வருகிறது. வேகக் கேமரா என்றதும் வேகம் என்று வருவது இயல்பாக இருக்கிறது. அது வெளியுலகிலும் பலர் நம்புகிற கருத்து, ஆகவே படித்தவுடன் தலை தானாக ஆடுகிறது. இவற்றைவிட முக்கியமானது, அது வாதத்துக்கு உதவுகிறது. உண்மையாகவே உதவுகிறது, அதிவேகம் முதன்மையான காரணம் என்றால் கேமராவின் பங்கு கூடுதலாக நம்பத்தக்கது. ஆனால் உதவி வேறு, தேவை வேறு. "எது வாதத்தை வலுப்படுத்துகிறது" என்று கேட்டிருந்தால் ஆ போட்டியில் இருந்திருக்கும். "எதைச் சார்ந்திருக்கிறது" என்று கேட்டால், வாதத்துக்குத் தேவையானதைவிட ஒரு முழம் கூடுதலாகச் சொல்லும் எந்த ஆப்ஷனும் வெளியே போக வேண்டும். "முதன்மையான" என்ற ஒரே சொல் ஆ-வை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தில் "அந்தச் சந்திப்புகளின் விபத்துகளில் சிலவற்றுக்காவது ஓட்டுநர்களின் வேகமோ கவனக்குறைவோ காரணமாக இருந்தது" என்று எழுதியிருந்தால் அது விடையாக ஏற்கத்தக்கதாகியிருக்கும். கேமரா வேலை செய்வதாகச் சொல்ல அந்த அளவாவது வேண்டும்.

தேவையான அனுமானம் பெரும்பாலும் அடக்கமாகப் பேசும். "சிலவாவது", "முற்றிலும் இல்லாமல் போகவில்லை", "எப்போதும் அப்படி அல்ல" என்ற நடையில் வரும். பார்க்க உப்புச்சப்பில்லாமல் இருப்பதால் தேர்வு எழுதுபவர் கடந்து போய்விடுவார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இதற்கு நேர் எதிரான ஒரு வினா வகையும் உண்டு: "பின்வருவனவற்றில் எதை ஏற்றுக்கொண்டால் முடிவு தர்க்கப்படி கட்டாயம் கிடைக்கும்?" இங்கே தேவை என்ற பேச்சே இல்லை, போதுமா என்பதுதான் கேள்வி. எவ்வளவு முரட்டுத்தனமான கூற்றானாலும் சரி, "எப்போதெல்லாம் ஒன்றை அடுத்து இன்னொன்று குறைகிறதோ அப்போதெல்லாம் முன்னதே காரணம்" என்பது போன்ற அதீதமான கூற்றுகூட, முடிவைப் பூட்டிவிட்டால் அதுதான் விடை. இந்த வகையில் மறுப்புச் சோதனையைப் போட்டால் தவறான இடத்துக்குப் போவீர்கள். ஆகவே வினாவின் கடைசி வரியை முதலில் படித்து, கேட்பது தேவையா போதுமையா என்று குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டு முதல் எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதி எடுக்கப்பட்டு, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு, இப்படி வாதங்களை ஆராயும் லாஜிக்கல் ரீசனிங் ஆகிவிட்டன. அதை எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு முன்னைவிட முக்கியம்.

எல்சாட்டின் குறை கண்டுபிடிக்கும் வினாக்களும் இதே விஷயத்தைத்தான் வேறு சட்டை போட்டுக் கேட்கின்றன. "வாதம் இன்னதை நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்கிறது" என்று ஓர் ஆப்ஷன் தொடங்கினால், பின்னால் வருவது வாதத்துக்குத் தேவையான அனுமானமாக இருக்க வேண்டும். "இன்ன சாத்தியத்தைக் கவனிக்கத் தவறுகிறது" என்று தொடங்கினால், பின்னால் வருவது அந்த அனுமானத்தின் மறுப்பாக இருக்க வேண்டும். கேமரா வாதத்துக்கு "அதிக விபத்து நடந்த இடங்களில் அடுத்த ஆண்டு விபத்துகள் தாமாகவே குறையக்கூடும் என்ற சாத்தியத்தைக் கவனிக்கவில்லை" என்பது சரியான குறை. பத்தி உண்மையிலேயே கவனித்துவிட்ட ஒன்றைக் கவனிக்கவில்லை என்று சொல்லும் பொறி ஆப்ஷன்களும் வரும். ஒருமுறை பத்தியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காரண வாதம் தவிர இன்னும் சில வகைகள் அடிக்கடி வரும். மாதிரியிலிருந்து முழுமைக்குத் தாவும் வாதத்தில், மாதிரி முழுமையைப் போன்றதே என்பது அனுமானம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு வென்றார். முகவரிகள் தொலைபேசி, கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து வந்தவை, பதில் எழுத மெனக்கெட்டவர்களும் ஒரு சாராரே. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மாதிரி சரியாக இருக்கும் என்ற மயக்கத்தைத் தேர்வு வினாக்கள் நன்றாகப் பயன்படுத்தும். சதவீதத்திலிருந்து எண்ணிக்கைக்குத் தாவும் வாதத்தில், மொத்தம் மாறவில்லை என்பது அனுமானம். திட்டம் ஒன்றைப் பரிந்துரைக்கும் வாதத்தில், அதைச் செய்ய முடியும் என்பதும், அது தன் நோக்கத்தையே கெடுக்கும் பக்கவிளைவைக் கொண்டுவராது என்பதும் அனுமானங்கள். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, பத்தியில் ஒன்றைக் கண்டதும் "ஆக, இது மாதிரி வாதம்" என்று பெயர் சொல்லப் பழகுவது பயன் தரும்.

இதுவரை சொன்னது ஜிமேட்டுக்கும் எல்சாட்டுக்கும் உறுதியாகப் பொருந்தும். இந்திய வங்கித் தேர்வுகளில் வரும் "கூற்று, அனுமானம் 1, அனுமானம் 2" வகைக்கு அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். அங்கே பெரும்பாலும் வாதமே இருக்காது. அறிவிப்போ விளம்பரமோ வேண்டுகோளோ இருக்கும். "படியில் நின்று பயணம் செய்யாதீர்கள்" என்ற பேருந்து அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சில பயணிகளாவது படியில் நிற்கிறார்கள் அல்லது நிற்கக்கூடும் என்பது அதில் பொதிந்திருக்கிறது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. பயணிகள் எல்லாரும் கீழ்ப்படிவார்கள் என்பது பொதிந்திருக்கவில்லை, அதுவும் தெளிவு. "பயணிகள் அறிவிப்பை மதிப்பார்கள்" என்று "எல்லாரும்", "சிலர்" எதுவும் இல்லாமல் மொட்டையாக வந்தால், ஒரு வழிகாட்டி நூல் ஆம் என்று சொல்லும், இன்னொன்று இல்லை என்று சொல்லும். பலன் எதிர்பார்க்காமல் யாரும் அறிவிப்பு வைக்க மாட்டார்கள் என்பதால் ஆம் என்று கொள்வது பெருவழக்கு. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் இது தர்க்க விதி அல்ல, வழக்கு. குடிமைப் பணிகளுக்கான யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் சிசாட் (திறனறி) தாளில் பத்திக்குக் கீழே "பின்வரும் அனுமானங்களில் சரியானவை எவை" என்று வரும் வினாக்களும் அதே போலத்தான். பத்தியிலிருந்து பெறக்கூடிய முடிவுக்கும் பத்தி முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அனுமானத்துக்கும் உள்ள கோடு அங்கே சில சமயம் மங்கலாக இருக்கும். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும் தாள் என்பதால், கோடு தெளிவாகத் தெரியும் வினாக்களை மட்டும் தொடுவது நல்லது.

மறுப்புச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் வினாவின் அ அதற்கு நல்ல உதாரணம். "மற்றச் சந்திப்புகள் எதிலும் குறையவில்லை" என்பதன் குறைந்தபட்ச மறுப்பு, வேறு ஏதோ ஒரு சந்திப்பில் கொஞ்சம் குறைந்தது என்பது. அதனால் கேமரா வாதத்துக்குக் கீறல்கூட விழாது. ஆகவே அ விடை அல்ல. ஆனால் அதே ஆப்ஷன் "மற்றச் சந்திப்புகளில் சராசரியாக 30 சதவீதம் குறையவில்லை" என்று இருந்தால் மறுப்பு வாதத்தைக் கடுமையாக அடிக்கும். நகரம் முழுக்க அதே அளவு குறைந்திருந்தால் கேமராவுக்கு என்ன பெருமை? அப்போதும் மற்ற இடங்களில் வேறு காரணத்தால் குறைந்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். அடி எவ்வளவு பலமானால் வாதம் விழுந்தது என்று கொள்வது? இதற்கு இயந்திரம் போன்ற விடை கிடையாது. நான் பயன்படுத்தும் அளவுகோல் இது: ஆப்ஷன் பொய்யானால், நியாயமான ஒருவர் அந்த ஆதாரத்தை வைத்து அந்த முடிவுக்கு வருவாரா? வரலாம், ஆனால் தயங்குவார் என்றால் அது சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். வரவே மாட்டார் என்றால் அதுதான் விடை. நன்றாக எழுதப்பட்ட வினாவில், சந்தேகப் பட்டியலில் ஒன்று இருந்தாலும், வரவே மாட்டார் என்ற வகையில் ஒன்று தெளிவாக இருக்கும்.

பயிற்சியைப் பற்றி. தேர்வு நடத்தும் அமைப்புகளே வெளியிட்ட பழைய வினாக்களை மட்டும் வைத்துப் பழகுங்கள். மற்ற நிறுவனங்களின் மாதிரி வினாக்களில், தேவையில்லாத அனுமானம் விடையாகக் குறிக்கப்பட்டிருப்பது சாதாரணம். அது உங்கள் காதையே கெடுத்துவிடும். ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, முடிவை ஒரு வரியில் எழுதி, அது பொய்யாகக்கூடிய ஒரு வழியையாவது எழுதிவிட்டுப் பிறகு கையை எடுங்கள். ஆரம்பத்தில் ஒரு வினாவுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும், ஆகட்டும். தவறான ஒவ்வொரு விடைக்கும் "கவனக்குறைவு" என்று எழுதாமல், எந்த வகைத் தவறு என்று எழுதுங்கள்: முடிவை அகலமாகப் படித்தேனா, மறுப்பைத் தவறாகச் செய்தேனா, வலுப்படுத்துவதைத் தேவை என்று எடுத்தேனா, வெளியுலகில் உண்மை என்பதால் எடுத்தேனா. ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது சீக்கிரமே தெரிந்துவிடும். உங்கள் ஒரு வினாவை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் உங்களுடையது மூன்றாவது வகை. இன்னும் பல வினாக்களைப் பார்க்காமல் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வில் இப்போதைய ஜிமேட் வெர்பல் பகுதிக்கு 45 நிமிடத்தில் 23 வினாக்கள், அதாவது ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து ஆப்ஷன்களுக்கும் மறுப்புச் சோதனை போட நேரம் போதாது. முடிவின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றை முதல் வாசிப்பிலேயே தள்ளிவிட்டு, மிஞ்சும் இரண்டுக்கு மட்டும் போடுங்கள். ஏற்கெனவே "இல்லை" என்று இருக்கும் ஆப்ஷனை மறுக்கும்போது குழப்பம் வரும். இ-யில் "குறைந்திருக்காது" என்பது "குறைந்திருக்கும்" ஆகிறது, அவ்வளவுதான்; இன்னொரு "இல்லை"யைச் சேர்க்காதீர்கள். அரை நிமிடம்தான் இருக்கிறது, இரண்டும் சமமாகத் தெரிகின்றன என்ற நிலை வந்தால், "சார்ந்திருக்கிறது" வகை வினாவில் அடக்கமாகப் பேசும் ஆப்ஷனை எடுங்கள், "ஏற்றுக்கொண்டால் முடிவு கட்டாயம் கிடைக்கும்" வகையில் அழுத்தமாகப் பேசுவதை எடுங்கள். இது நிகழ்தகவு உங்கள் பக்கம் சாயும் ஒரு பழக்கம் மட்டுமே. நேரம் இருக்கும்போது இதை நம்பி மறுப்புச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.